முந்நூற்றுப் பத்து டாலர்

ஆகஸ்ட் கடைசி வாரம்.
அறுத்த கோதுமையின் கட்டைகள்
வகுப்பு ஜன்னல் வரை வந்து நிற்கின்றன.
வடக்கு டகோட்டாவில் இதைத்தான் கோடை முடிந்தது என்போம்.
நாற்காலிகள் இன்னும் மேஜைமேல் தலைகீழாக.
மடியில் விலைப்பட்டியல்.
ஐந்தாம் வகுப்பு, அமெரிக்க வரலாறு, புவியியல்,
துணைப் பொருள்கள் வாங்க
முந்நூற்றுப் பத்து டாலர்.
வெள்ளிக்குள் படிவம் போகாவிட்டால்
அந்தப் பணம்
கைப்பந்து வலைக்கம்பமாக நட்டுவைக்கப்படும்.

பதினான்காம் பக்கத்தில்
பிளாஸ்டிக்கில் புடைத்தெழுந்த அமெரிக்கா.
ராக்கி மலைகள் விரலுக்குத் தட்டுப்படுமாம்,
ஆறிப்போன தழும்பு போல.
நாங்கள் இருக்கும் இடம் வழவழவென்று.

அடுத்து, ஜனாதிபதிகளின் சீட்டுக்கட்டு.
எல்லோரும் இடப்பக்கம் பார்க்கிறார்கள்,
வலப்பக்கம் யாரோ கடனைத் திருப்பிக் கேட்டு நிற்பதுபோல.

இருபத்தாறாம் பக்கத்தில், புதிய பதிப்பு,
மேற்கே போகும் வண்டிகளின் ஆட்டம்.
பழையது என் அலமாரியில் இருக்கிறது.
பரமபதம்தான், பாம்புக்குப் பதில் காலரா.
சக்கரம் உடைந்தால் இரண்டு கட்டம் பின்னால்.
போன வருடம் ஷைலீன்
உருட்டப்போன கட்டையைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டாள்:
"இதுல நாங்க எந்தக் காய்?"
நான்கு வண்டி, நான்கு நிறம்.
நான் பச்சையைக் கொடுத்தேன்.
அவள் வாங்கிக்கொண்டாள்.
கட்டங்களுக்கு வெளியே பலகை முழுக்க வெறும் மஞ்சள்,
அந்த மஞ்சளில் அவளுடைய ஆட்கள்
சோளம் விளைத்துக்கொண்டிருந்தார்கள்.
மணி அடித்தது.
அன்று நான் வேறொன்றும் சொல்லவில்லை.

நாலாம் தடப் பேருந்தைக் கழுவிவிட்டு
டெல்மர் யெல்லோபேர்ட் உள்ளே வந்தார், கை ஈரத்தோடு.
ஏலத்தில் எடுத்த பழைய லாரியின்
கையுறைப் பெட்டியில் கிடைத்ததாம்:
பெட்ரோல் நிலையத்தில் இலவசமாகக் கொடுத்த
சாலை வரைபடம்.
அணைக்கு நாலு வருடம் முந்தையது.
மடிப்பு மடிப்பாய்க் கிழிந்திருந்தது.
ஆறு அதில் நூல்போல ஓடியது.
நூலின் ஓரத்தில், கடுகிலும் பாதி,
வில்லோ லேண்டிங்.
"இங்க மளிகைக்கடையில எங்கப்பாவுக்கு
நாற்பது டாலர் பாக்கி.
கடையும் முங்கிப்போச்சு, பாக்கியும் முங்கிப்போச்சு.
அரசாங்கம் எங்களுக்குச் செய்த ஒரே தள்ளுபடி."
சிரித்தார். நானும் சிரித்து,
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

சுவரில் தொங்கும் வரைபடத்தில்
அந்த இடத்தில் கை அகல நீலம்.
எனக்கு அந்த ஏரி தெரியும். படகு விட்டிருக்கிறேன்.
கிழக்குக் கரையில் ஒரு தார்ச்சாலை
நடுக்கோடு மாறாமல்
நேராகத் தண்ணீருக்குள் இறங்கும்.
படகுத்துறை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

குழுவின் தலைவி லவோன் டீஃபன்பாக்
தொலைபேசியில்:
பதிப்பாளர் யார்?
பெட்ரோல் கம்பெனி.
விலை?
இலவசம்.
இலவசத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லையே, மிஸ் குவாலி.
சரி, எந்தப் பாடநோக்கத்துக்குப் பொருந்தும்?
பட்டியலைப் புரட்டினேன்.
ஐந்து, மூன்று, இரண்டு:
"மாநிலத்தின் நீர்நிலைகளை மாணவர் அடையாளம் காண்பர்."
அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம்.
"பொருந்துகிறது," என்றார்.

நூலகத்தில் இருபத்து நான்கு நகல் எடுத்தேன்.
எழுத்து எறும்பின் கால் அளவு.
என் கண்ணாடிக்கே பிடிபடவில்லை.

ஆகவே படிவத்தில் எழுதியது இது:
உருப்பெருக்கிக் கண்ணாடி, இருபத்து நான்கு.
ஒன்று பன்னிரண்டரை டாலர்.
மொத்தம் முந்நூறு.
"தேவைக்கான காரணம்" என்ற கட்டத்தில்
மூன்று வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.
எழுதி, அடித்து, மறுபடி எழுதி
கடைசியில் மிஞ்சியது இரண்டே சொல்:
ஊர் சிறியது.

மீதிப் பத்து டாலர்
வலைக்கம்பத்துக்கே போகட்டும்.